ஆடரங்கின் ஒளியும் அன்றாட ஒளியும்

நடனத்தைப் பற்றித் தமிழில் எழுதப்படும் விமர்சனங்களைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். பாதத்தின் தாளம், கையின் முத்திரை, முகத்தின் பாவம், பாட்டின் சுருதி, உடையின் பகட்டு ஆகிய யாவும் அவற்றிலே பேசப்படுகின்றன. ஒளி மாத்திரம் பேசப்படுவதில்லை. பேசப்படுமிடத்தும், 'ஒளியமைப்பு நன்று' என்ற இரு சொற்களோடு விமர்சகர் தம் கடமையை முடித்துக்கொள்கிறார். கண்ணாற் காண்பதற்குரிய ஒரு கலையைப் பற்றி எழுதுவோர், காட்சிக்குக் காரணமாயிருப்பதையே காணாது விடுவது வியப்பிற்குரியது. ஆடும் உடலில் எப்பகுதி தெரியவேண்டும், எப்பகுதி மறையவேண்டும், அவ்வுடல் நிலத்திற் கால் பதித்து நிற்பதாகத் தோன்றவேண்டுமா, காற்றில் மிதப்பதாகத் தோன்றவேண்டுமா என்பனவற்றை ஆடுநர் மாத்திரம் தீர்மானிப்பதில்லை. விளக்கை எங்கே வைப்பது என்று முடிவு செய்பவரும் சேர்ந்தே தீர்மானிக்கிறார்.

ஆடலுக்கான ஒளியமைப்பைப் பயிலும் மாணாக்கர் முதலிற் கற்கவேண்டியது விளக்குகளின் பெயர்ப் பட்டியலையன்று. தம்மைச் சூழ்ந்த அன்றாட வாழ்வின் ஒளியையே என்பது எமது கருத்து. இவ்வாறு கவனிக்கத் தொடங்கும் மாணாக்கர் இன்னோர் உண்மையையும் விரைவிற் கண்டுகொள்வர். ஒளி இயற்கையின் கொடை மாத்திரமன்று. சமுதாயத்திலே பங்கிடப்படும் பொருளுமாகும். யாருக்கு எவ்வளவு ஒளி, எந்த நேரத்தில், எத்திசையிலிருந்து என்பது வாழ்க்கை நிலையோடு பிணைந்தது. இதனை உணராத ஒளியமைப்பு எத்துணைப் பகட்டாயிருப்பினும் வெறும் அலங்காரமே.

முதலில் ஒளியின் திசையை எடுத்துக்கொள்வோம். இலங்கை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 6 பாகை முதல் 10 பாகை வரையிற் கிடக்கும் நாடு. ஆகவே ஆண்டின் பெரும்பகுதியில் நண்பகற் சூரியன் எமது உச்சிக்கு அணித்தாகவே நிற்கும். அவ்வேளையில் வீதியில் எதிர்ப்படுபவரை உற்றுநோக்குக. நெற்றியும் மூக்கும் தோளும் பிரகாசிக்கும். கண்களோ புருவத்தின் நிழலில் இரு குழிகளாகிவிடும். அரங்கிலே உச்சியிலிருந்து மாத்திரம் விளக்கைப் பாய்ச்சினால் நிகழ்வதும் இதுவே. பரதநாட்டியத்தில் அபிநயத்துக்குரிய பதம் ஒன்றை இத்தகைய ஒளியில் ஆடுவது, கடிதத்தை எழுதி மையை அழித்துவிட்டு அனுப்புவதை ஒக்கும். கண் பேசவேண்டிய இடத்திற் கண்ணே இல்லை.

இனி, காலையிலே மட்டக்களப்புக் கரையோரத்தில் கரைவலை இழுப்போரை நோக்குவோம். கிழக்குக் கரையிற் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. ஒளி நிலத்தோடு நிலமாய்ப் படுத்து வருகிறது. கடலை நோக்கிப் பின்சாய்ந்து கயிற்றை இழுக்கும் மனிதரைப் பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்கு அவர்தம் உடலின் ஒரு பாதி ஒளியிலும் மறுபாதி நிழலிலும் தோன்றும். தோள் எலும்பு, புயத்தின் தசை, தொடையின் இறுக்கம், மணலைப் பற்றும் குதிகால் என ஒவ்வோர் உறுப்பும் தன் திரட்சியோடு தனித்துத் தெரியும். நண்பகலில் அதே மனிதர் அதே கயிற்றை இழுத்தாலும் இத்திரட்சி புலப்படாது. உழைப்பின் விசை உடலில் எங்கே பிறந்து எங்கே செல்கிறது என்பதைக் காட்டுவது பக்கவாட்டு ஒளியே.

நவீன ஆடலரங்கு கண்டறிந்த தலையாய உண்மையும் இதுவே. முன்னாலிருந்து பாயும் ஒளி முகத்தைத் தெளிவாகக் காட்டும். ஆயின் உடலைத் தட்டையாக்கிவிடும். ஆகவே மேடையின் இருபுறத் தட்டிகளுக்கிடையிலும் செங்குத்தான கம்பங்களை நிறுத்தி, தலையளவிலும் இடையளவிலும் முழங்காலுக்குக் கீழும் விளக்குகளைப் பொருத்துவர். எல்லாவற்றிலும் தாழ்ந்த விளக்கின் கதிர் தரையைத் தொடாமலே மேடையைக் குறுக்கே கடந்து எதிர்ப்புறம் மறைந்துவிடும். தரை இருண்டிருக்க, உடல் மாத்திரம் ஒளிரும். ஆடுநர் மிதப்பது போலத் தோன்றுவது இதனாலேயே.

இம்முறையை அமெரிக்க நடனத்தில் நிலைபெறச் செய்தவர்களுள் முதன்மையானவர் ஜீன் றோசந்தால் (1912–1969). இவர் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்ரான்லி மக்கன்ட்லஸ் என்பாரிடம் ஒளியமைப்புப் பயின்றவர். மேடையை ஒளியூட்டும் முறைபற்றி மக்கன்ட்லஸ் 1932இல் வெளியிட்ட நூல் இத்துறையில் முன்னோடியானது. பொருளாதார மந்த காலத்தில் வேலையிழந்த அரங்கக் கலைஞருக்குத் தொழில் அளிப்பதற்கென 1935இல் அமெரிக்க அரசு தொடங்கிய கூட்டாட்சி அரங்கத் திட்டத்தில் றோசந்தால் பணியாற்றினார். மார்தா கிரஹாமின் நடனங்களுக்கும், பின்னர் ஜோர்ஜ் பலன்சீனின் பலே நடனங்களுக்கும் ஒளியமைத்தார். ஒளியமைப்பு என்பது மின்தொழிலாளி போகிற போக்கிற் செய்யும் வேலை என்றிருந்த காலத்தில், அதனை ஆக்கத்திறன் வாய்ந்த தனித் தொழிலாக ஏற்கச் செய்தோருள் அவரும் ஒருவர்.

நிற்க. ஒளியின் வரலாற்றை நுட்பக் கருவிகளின் வரலாறாக மாத்திரம் எழுதிவிடுதல் தவறு. 1822இல் பாரிஸ் ஒப்பெரா அரங்கிற்கு வாயு விளக்கு வந்தது. மெல்லிய வெண்துகிலாலான பாவாடை அணிந்த நடனமாதர் ஆவியுலகப் பெண்களாய்த் தோன்றியது இவ்வொளியிலேதான். கனவு போன்ற அந்த அழகைக் கண்டு சீமான்கள் மெய்ம்மறந்தனர். ஆனால், வாயுச் சுடருக்கும் மெல்லிய துணிக்கும் இடையே நின்றவை நடனமாதரின் உடல்கள். 1862 நவம்பரில் ஒத்திகை ஒன்றின்போது எம்மா லிவ்றி என்ற இளம் நடனமணியின் உடையிற் சுடர் பற்றியது. பல மாதங்கள் துன்புற்று 1863 யூலையில் அவர் உயிர் நீத்தார். தீப்பற்றாதிருக்கத் துணியை மருந்தில் தோய்க்கும் முறை அன்று அறியப்பட்டேயிருந்தது. ஆனால், அது துணியை விறைப்பாக்கி அழகைக் கெடுத்தமையால் நடனமாதர் அதனை விரும்பவில்லை. அழகு எது என்று வரையறுத்தோர் இருக்கைகளில் இருந்தனர். அவ்வரையறையின் விலையைக் கொடுத்தவர் மேடையில் நின்றார். ஒளியைப் பற்றிப் பேசும் எவரும் இதனை மறத்தலாகாது.

லிவ்றியின் உடையிற் தீப்பற்றிய அதே 1862ஆம் ஆண்டிற் பிறந்து, 1928ஆம் ஆண்டில் மறைந்த இருவர் ஆடலொளியின் போக்கையே மாற்றினர். ஒருவர் அமெரிக்கரான லோயி புல்லர். 1892இல் பாரிஸில் அவர் பட்டுத் துகிலைச் சுழற்றி, அதன்மீது நிறமாறும் மின்னொளியைப் பாய்ச்சி ஆடினார். பின்னர் கண்ணாடித் தரையின் கீழிருந்தும் ஒளியைச் செலுத்தினார். தனியொருத்தியின் ஆட்டமாகத் தோன்றிய அதன் பின்னால் விளக்குகளை இயக்கிய மின்தொழிலாளர் குழு ஒன்று இருந்தது. மற்றவர் சுவிற்சர்லாந்தினரான அடொல்ப் அப்பியா. அவர் ஒளியை இரண்டாக வகுத்தார்: எல்லாவற்றையும் ஒருசேரத் தெரியச்செய்யும் பரவொளி ஒன்று, நிழலை ஆக்கி, அதனால் உருவத்துக்குத் திரட்சி கொடுக்கும் ஆக்கவொளி மற்றொன்று. தீட்டிய திரைச்சீலைகளைத் துறந்து, படிகளும் தளங்களும் ஒளியும் மனித உடலுமே அரங்குக்குப் போதும் என அவர் வாதித்தார்.

அப்பியாவின் இப்பாகுபாட்டை எமது மாணாக்கர் நூலில் மனனஞ் செய்யவேண்டியதில்லை. மலையகத்தில் மூடுபனி இறங்கிய காலையிற் தேயிலைச் சரிவைப் பார்த்தால் போதும். பனியினூடு வரும் ஒளிக்குத் திசையில்லை, எனவே நிழலில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள், செடிகள், பாறைகள் யாவும் ஒரே சாம்பல் நிறத்தில் அமிழ்ந்து கிடக்கும். இது பரவொளி. பனி விலகிச் சூரியக் கதிர் சரிவிற் பாயும் கணத்திற் கூடையின் கயிறு அழுந்தும் நெற்றியும், குனிந்த முதுகும், விரைந்தியங்கும் விரல்களும் பளிச்சென வெளிப்படும். இது ஆக்கவொளி. தொலைவிலிருந்து பார்க்கும் உல்லாசப் பயணி பசுமையான சரிவை மாத்திரம் காண்கிறார். ஒளியின் திசையைக் கவனிக்கப் பழகியவரோ சரிவின் மேல் நிற்கும் மனிதரைக் காண்கிறார். எல்லாவற்றையும் சமமாகக் காட்டும் ஒளி நடுநிலையானது என்று எண்ணுவது பேதைமை. சில வேளைகளில் அதுவே மனிதரை மறைக்கும் ஒளியாகும்.

ஒளியின் தூரத்தைப் பற்றிய பாடத்தை யாழ்ப்பாணத்தின் ஒரு தலைமுறை நூலின்றியே கற்றது. 1990ஆம் ஆண்டில் மின்சாரம் நின்று, மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு வந்த காலத்தில், ஜாம் போத்தலில் சிறிது எண்ணெயும் பஞ்சும் இட்டு ஆக்கிய விளக்குகளே வீடுகளுக்கு ஒளி தந்தன. அவ்வொளியிலேதான் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். விளக்கிலிருந்து ஒரு முழத்தில் இருக்கும் புத்தகத்தை இரண்டு முழத்துக்குத் தள்ளினால் அதன்மேல் விழும் ஒளி பாதியாவதில்லை, காற்பங்காகிவிடும். பௌதிகவியல் கூறும் இவ்விதி அப்பிள்ளைகளுக்கு விளக்கைச் சுற்றி இடம்பிடிக்கும் போட்டியாக அனுபவமாயிற்று. சிறு சுடராதலின் நிழல்களின் விளிம்பு கூர்மையாயிருக்கும். நிலத்தில் வைத்த விளக்காதலின் சுவரிலே நிழல்கள் ஆளைவிடப் பன்மடங்கு பெருத்து எழும். தாழ்ந்து நிற்கும் ஒற்றை விளக்கு அரங்கிலே அச்சத்தையும் அமானுடத்தையும் தோற்றுவிப்பது எதனால் என்பதை அவர்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. போத்தல் விளக்கின் ஒளி அழகானது என்று பாடத் தொடங்குவோர் உளர். வறுமையும் தடையும் திணித்த இருளைக் கவின்பொருளாக்கி விற்பது கலையன்று. அது இன்னொரு வகைச் சுரண்டலே. 2022 மார்ச் இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவிய இரவுகளில், மின்பிறப்பாக்கி வைத்திருந்த மாடிக் கட்டடங்கள் ஒளிர்ந்தன. பக்கத்துத் தெருக்கள் இருண்டன. அதனைக் கண்டவர், ஒளியும் இருளும் தாமாகவே அப்படி அமைந்துவிடவில்லை என்பதை அறிவார். அன்றாட ஒளியைக் கவனிப்பது என்பதன் பொருள், அதன் காரணத்தையும் சேர்த்துக் கவனிப்பது என்பதேயாகும்.

மேனி நிறம் பற்றிய வினாவும் இதனோடு தொடர்புடையதே. ஒளியமைப்புப் பற்றிய மேலைத்தேயப் பாடநூல்களிற் பல வெள்ளை மேனியையே பொதுவான மனித மேனியாகக் கொண்டு எழுந்தவை. அவற்றிற் கூறப்படும் நிறத்தாள்களையும் ஒளியளவுகளையும் அப்படியே எமது மேடைக்குக் கொணர்ந்து, முன்னாலிருந்து பாய்ச்சிவிட்டு, ஆடுநர் இருண்டு தெரிகிறார் என்று குறைப்படுகிறோம். அதற்குப் பரிகாரமாக முகத்திலும் கழுத்திலும் வெண்பூச்சை அப்புகிறோம். விளக்கு வைத்தவரின் அறியாமைக்கு ஆடும் பெண்ணின் மேனி தண்டம் செலுத்துகிறது. கருமேனி ஒளியைப் பெறும் முறை வேறு. பக்கவாட்டிலிருந்தும் பின்னிருந்தும் வரும் ஒளி அதன் வளைவுகளிற் பட்டு மின்னும். அம்மினுக்கமே உருவத்தை வரைந்து காட்டும். கரைவலை இழுப்போரின் தோளிற் காலை வெயில் செய்வது இதுவே. அங்கே எவரும் பூச்சுப் பூசிக்கொள்வதில்லை. கறுப்பு அழகற்றது என்று எண்ணும் சமுதாயத்தின் அவலத்தை ஒளியமைப்பு மேலும் வளர்க்கலாம். அல்லது மறுத்து நிற்கலாம்.

இனி எமது கூத்தரங்கைப் பற்றிச் சிந்திப்போம். மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் வட்டக் களரியில் இரவு முழுவதும் ஆடப்பட்டவை. மக்கள் களரியைச் சூழ்ந்திருந்தனர். பந்தங்களின் ஒளியிலும், பிற்காலத்திற் பெற்றோமக்ஸ் ஒளியிலும் ஆட்டம் நடந்தது. சுழன்றாடும் கூத்தனின் உடலிலே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒளி இடம்மாறிப் படும். கிரீடத்திற் பதித்த கண்ணாடித் துண்டுகள் அசையும் சுடரைச் சிதறடிக்கும். விடியும்போது கூத்து முடிவை நெருங்கும். இரவிலே வேந்தராயிருந்தவர் காலை வெளிச்சத்தில் மீண்டும் அயலவராவர். இன்னுமொன்று: அக்களரியில் ஒளி ஆடுவோர்மேல் மாத்திரம் விழவில்லை, பார்ப்போர்மேலும் விழுந்தது. மக்கள் கூத்தனையும் கண்டனர், ஒருவரையொருவரும் கண்டனர்.

1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துக்களைச் செம்மைப்படுத்திப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தார். கிராமத்து மக்களின் கலையைப் படித்தோர் ஏளனஞ் செய்த காலத்தில், அதன் ஆற்றலை நாடறியச் செய்த அப்பணி வரலாற்றுச் சிறப்புடையது. அதனைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று. ஆயின் மேடை மாறியபோது ஒளியும் மாறியது. அம்மாற்றம் போதியவளவு ஆராயப்படவில்லை. படச்சட்ட மேடையில் ஒளி ஒரு திசையிலிருந்து வருகிறது. சபையோ இருளில் ஆழ்த்தப்படுகிறது. சபையை இருட்டும் இவ்வழக்கம் 1876இல் வாக்னர் பைரொயித் நகரில் தமது இசைநாடக அரங்கைத் திறந்தபோது அழுத்தம் பெற்றதாகும். பார்ப்பவர் தம்மையும் அயலவரையும் மறந்து கனவில் மூழ்கவேண்டும் என்பது அதன் நோக்கம். கூத்தின் நோக்கம் அதுவன்று. மக்கள் கூடியிருந்து தம் கலையைத் தாமே கண்ட ஓர் அரங்கை, தனித்தனி மனிதர் இருளிலிருந்து எட்டிப்பார்க்கும் அரங்காக மாற்றியதில் விளக்குக்கும் பங்குண்டு.

இதனாற் பந்தத்துக்குத் திரும்புங்கள் என்று நாம் கூறுவதாக எவரும் கருதவேண்டியதில்லை. மின்சாரம் மனித உழைப்பின் மாபெரும் வெற்றி. அதனைப் பயன்படுத்துவதற்கு முன்னர், கூத்தின் சுழற்சிக்கு ஒளி என்ன செய்தது என்பதை அறிந்துகொள்ளுங்கள் என்பதே எமது வேண்டுகோள். முன்விளக்குகளைக் குறைத்து இருபுறமும் பின்னும் விளக்குகளை வைத்தால் சுழற்சி மீண்டும் உயிர்பெறும். சபையின் மேல் மெல்லிய ஒளியை விட்டுவைத்தால் களரியின் கூட்டுணர்வு ஓரளவேனும் திரும்பும்.

இன்றைய மேடைகளில் நாம் காண்பது என்ன? வாடகைக்குக் கொணர்ந்த எல்.ஈ.டி. விளக்குகள் சிவப்பும் நீலமும் ஊதாவுமாய் நொடிக்கு நொடி மாறுகின்றன. புகை பெருகுகின்றது. பின்னே ஒளிரும் திரையிற் கோபுரங்களும் நீர்வீழ்ச்சிகளும் ஓடுகின்றன. அதன் முன்னே ஆண்டுக்கணக்காய் அடவு பயின்ற மாணவி கரிய நிழலாய் அசைகிறாள். அரங்கேற்றம் சிலரின் செல்வத்துக்கு விளம்பரமாகிவிட்ட சூழலில், ஒளியும் அவ்விளம்பரத்தின் பகுதியாகிவிட்டது. நிகழ்ச்சி நிரலிற் பிரதம விருந்தினரின் பட்டங்கள் அரைப்பக்கம் அச்சிடப்படுகின்றன. மதியந் தொட்டு ஏணியில் ஏறி நின்று விளக்குகளைக் கட்டியவரின் பெயரோ எங்கும் இல்லை. ஒளியை விமர்சகர் காணாதிருப்பதும், ஒளி தந்த தொழிலாளியை விழாக்குழு காணாதிருப்பதும் ஒரே குருட்டுத்தனத்தின் இரு முகங்கள்.

மக்கள் நிறவொளியை விரும்புகிறார்கள், அதனை மறுப்பது மேட்டிமை என்று சிலர் வாதிக்கலாம். நிறத்தை நாம் வெறுக்கவில்லை. தீ மிதிப்பின் கனல், கோயில் வீதியின் வண்ணச் சோடனை, காமன் கூத்தின் பந்தம் ஆகியவற்றை விரும்பும் மக்கள், காரணத்தோடு வரும் நிறத்தையே விரும்புகின்றனர். எதுவுங் கூறாத நிறத்தை வணிகமே அவர்கள்மேற் சுமத்துகிறது. மக்களின் இரசனை என்ற பெயரால் வணிகத்தின் இலாபத்தை நியாயப்படுத்துவது முற்போக்கன்று.

பணமில்லை என்ற தடை மெய்யானது. ஆயினும் பக்கவாட்டு ஒளிக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. மேடையின் இருமருங்கிலும் ஆளுயரத்தில் நிறுத்திய நான்கு சாதாரண வெண்விளக்குகள், முன்னே தொங்கும் நாற்பது நிறவிளக்குகள் காட்டாததைக் காட்டும். பகலில் நடக்கும் பாடசாலை நிகழ்ச்சியாயின், மண்டபத்தின் ஒருபக்கத்து யன்னல்களை மூடிவிட்டு மறுபக்கத்தைத் திறந்துவிடலாம். விலையின்றிக் கிடைக்கும் சூரியனே ஒளியமைப்பாளராவான். 'நாடகமும் அரங்கியலும்' கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனை ஒருநாட் பாடமாகச் செய்து பார்க்கலாம். மாணாக்கர் நாளுக்கொரு குறிப்பாக, எங்கே, எந்நேரம், எத்திசை ஒளி, யார்மேல் விழுந்தது, அவர் என்ன செய்துகொண்டிருந்தார், அவ்வொளிக்கு விலை கொடுத்தவர் யார் என ஒரு பருவம் எழுதிவரட்டும். அடுப்படியிற் கீழிருந்து எழும் தழலொளியில் தாயின் முகம், தையற்சாலையின் குழல் விளக்கின்கீழ் வரிசையாய்க் குனிந்த தலைகள், அதிகாலைப் பேருந்தின் மங்கிய விளக்கில் உறங்கும் தொழிலாளர் என அக்குறிப்புகள் நிறையும். எந்தப் பாடநூலும் தராத ஒளியியலை அவை தரும்.

நடன விமர்சகரும் இனி மூன்று வினாக்களையாவது கேட்டாக வேண்டும். இந்த ஒளி ஆடும் உடலை எமக்குக் காட்டியதா, மறைத்ததா? அது ஆட்டத்தின் பொருளிலிருந்து பிறந்ததா, வாடகைப் பட்டியலிலிருந்து பிறந்ததா? அதனை ஆக்கியவர் யார்? இவ்வினாக்கள் எழுப்பப்படும் வரையில் எமது ஆடலரங்கு எத்தனை விளக்குகளை ஏற்றினாலும் இருட்டிலேயே ஆடிக்கொண்டிருக்கும்.